மாப்பிள்ளை வாசித்த கதை

"உங்க அப்பா எப்பத்தான் இந்த வீட்டை விட்டுக் கிளம்புவார்?"

தொலைக்காட்சித் திரையின் அடியில் இந்த வரி வந்து நின்றது. அதைச் சத்தமாகப் படித்துச் சொல்ல வேண்டியவர் லிஃப்ட் மெக்கானிக். கேட்பதற்குக் காத்திருந்தவர் அவருடைய மாமனார்.

மெக்கானிக்கின் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது.

இந்தச் சங்கடம் முழுசாகப் புரிய வேண்டுமென்றால் அந்த அறையில் யார் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்லியாக வேண்டும். மாமனாருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. மனைவி போன பிறகு தனியாக இருந்தவரை, மகள் பிடிவாதமாகத் தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். கொஞ்ச நாளைக்கு டிவி பக்கம் கண்ணைத் திருப்பவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். விதி என்றால் விதிதான். நாற்காலியையே திருப்பிப் போட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

முதுகு டிவிக்கு என்றால் முகம் சோபாவுக்கு. சோபாவில் மாப்பிள்ளை. நடுவில் ஒரு கறுப்புக் கண்ணாடி.

மகளுக்கு மருந்துக் கடையில் மாலை நேர வேலை. ஆக, தினமும் சாயங்காலம் இந்த இரண்டு பேரும் தனியே மாட்டிக்கொள்வார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் இவர்கள் பேசிய மொத்தப் பேச்சையும் ஒரு தபால் தலையின் பின்பக்கம் எழுதிவிடலாம். "வாங்க மாமா." "நல்லா இருக்கீங்களா மாப்பிள்ளை?" அதற்கு மேல் மெக்கானிக்குக் குரல் வராது. மாமனார் நிமிர்ந்து பார்த்தாலே, டிக்கெட் இல்லாமல் ஏறிவிட்ட ஆள் மாதிரி கை தானாகச் சட்டைப் பையைத் தடவும்.

முதல் நாள் மெக்கானிக்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"காது நல்லாத்தானே கேக்குது? தமிழ் சீரியல் ஏதாவது போடட்டுமா மாமா?"

"வேணாம் மாப்பிள்ளை. அதுல ஒருத்தன் ஒரு வார்த்தை பேசினா, ஒம்பது பேரோட முகத்தை மாத்தி மாத்திக் காட்டுவான். முகத்தைப் பாக்க முடியாதவனுக்கு அதுல என்ன மிச்சம் இருக்கு?"

மாமனாருக்குத் திரைப்படங்கள், தொடர்கள் எல்லாவற்றின் மேலும் அசைக்க முடியாத அபிப்பிராயங்கள் உண்டு என்று மெக்கானிக்குத் தெரிந்ததே அன்றைக்குத்தான்.

"வெளிநாட்டுத் தொடர் ஒண்ணு இருக்காம். கடலோரத்து ஊர்ல ரொட்டிக் கடை வச்சிருக்கிற கிழவன் கதை. நல்லா இருக்குன்னாங்க. கீழே தமிழ்ல வரி ஓடுமாமே? நீங்க படிச்சுச் சொல்லிடுங்களேன்."

கேட்டது மாமனார். முடியாது என்று எப்படிச் சொல்வது?

கீழே ஓடும் வரிகளைப் படிப்பது பார்க்கத்தான் சுலபம். திரையில் இருப்பவன் பேசுகிற வேகத்துக்கு நம் கண் ஓடாது. அதனால் பேச்சைச் சுருக்கி, அதிகம் போனால் இரண்டு வரியாக்கி, வாய் மூடுவதற்குள் அழித்துவிடுவார்கள். மனசுக்குள் படிப்பவனுக்கே மூச்சு வாங்கும். சத்தமாகப் படிப்பவனுக்கு யோசிக்க நேரமே கிடையாது. இன்னொரு கஷ்டமும் உண்டு. திரையில் யார் எதைப் பேசினாலும், அறையில் கேட்பது படிப்பவனின் குரல்தான். கிழவனின் மருமகன் திரையில் தன் மனைவியிடம் கேட்ட கேள்வியை, மெக்கானிக் தன் வாயால், தன் வீட்டில், தன் மாமனாரின் முகத்துக்கு நேரே கேட்க வேண்டியிருந்தது.

"என்ன மாப்பிள்ளை, சத்தத்தைக் காணோம்? என்ன சொல்றான் அவன்?"

"அவன்... 'உங்க அப்பா இங்கேயே இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே'ங்கிறான் மாமா."

"ஓ! நல்ல பையன்."

"ரொம்ப நல்ல பையன் மாமா."

"அப்புறம் எதுக்குக் கதவைப் படார்னு சாத்தினான்?"

"காத்து மாமா. கடலோரத்து ஊரு பாருங்க."

ஒரே ஒரு வரிதானே, அடுத்த வரியிலிருந்து ஒழுங்காகப் படித்துவிடலாம் என்றுதான் மெக்கானிக் நினைத்தார். ஆனால் லிஃப்டில் ஒரு விஷயம் உண்டு. பெட்டி மேலே ஏற வேண்டுமானால், கம்பியின் மறுமுனையில் தொங்கும் எடை கீழே இறங்கியாக வேண்டும். ஒன்றை மட்டும் நகர்த்த முடியாது. கதையும் அப்படித்தான். மருமகனை நல்லவனாக்கிவிட்டால், அவன் பேசுகிற ஒவ்வொரு வரியையும் மாற்றியாக வேண்டும். அவனோ முழுத் தொடரிலும் மாமனாரைத் துரத்துவதைத் தவிர வேறு வேலையே பார்க்கவில்லை.

மறுநாள் தட்டு உடைந்தது.

"என்ன மாப்பிள்ளை அது?"

"பாத்திரம் கழுவுறான் மாமா. வீட்டு வேலையெல்லாம் அவனே இழுத்துப் போட்டுச் செய்வான்."

"பழக்கமில்ல போலிருக்கு. அது சரி, ஏன் இந்தக் கத்து கத்துறான்?"

"அந்த ஊர்க்காரங்க பாசம் வந்தா கத்துவாங்க மாமா."

"பாசம் கொஞ்சம் ஓவராத்தான் இருக்கு."

அதற்கு மறுநாள் அவன் இன்னும் பலமாகக் கத்தினான். பாசத்தை அதற்கு மேல் இழுக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் மெக்கானிக் புதிதாக ஒருவனைக் கதைக்குள் கொண்டுவந்தார்.

"இது அவன் இல்ல மாமா. அவனோட தம்பி. இவன்தான் கெட்டவன்."

"குரல் ஒரே மாதிரி இருக்கே?"

"இரட்டைப் பிள்ளைங்க மாமா."

மாமனார் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பெருமூச்சு விட்டார்.

"இரட்டைப் பிள்ளை வந்துட்டாலே கதை எழுதறவனுக்குச் சரக்கு தீந்துபோச்சுன்னு அர்த்தம். போகட்டும், படிங்க."

ஆனால் ஒன்று நடந்தது. தொடர் முடிந்த பிறகும் இரண்டு பேரும் எழுந்திருக்காமல் பேச ஆரம்பித்தார்கள். ஒருநாள் மாமனார், படங்களில் ஓடுகிற ரயிலைத் துரத்திப் பிடித்து ஏறும் கதாநாயகர்களைப் பற்றிக் கொதித்தார்.

"அத்தனை படத்துலயும் ஏறியிருக்கான். ஒருத்தனாவது டிக்கெட் எடுத்திருக்கானா? எந்த டைரக்டராவது ஒரு பரிசோதகரை வச்சு அவனுக்கு அபராதம் போட வச்சிருக்கானா? அந்தப் படத்தையெல்லாம் நான் பாதியிலேயே அணைச்சிடுவேன்."

மெக்கானிக்கால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"லிஃப்ட்டை மட்டும் விட்டாங்களா மாமா? கம்பி அறுந்துச்சாம், லிஃப்ட் விழுந்துச்சாம்! ஒரு கம்பியா இருக்கு? நாலஞ்சு கம்பி. எல்லாமே அறுந்தாலும், வேகம் கூடின உடனே அடியில இருக்கிற தாடை ரெண்டும் பக்கத்துத் தண்டவாளத்தை இப்படி..." தன் இரண்டு கைகளாலும் மாமனாரின் நாற்காலிக் கையைக் கவ்விப் பிடித்துக் காட்டினார். "கப்புனு கடிச்சுக்கும். விழவே விழாது!"

"அப்படியா? இத்தனை நாளா அது தெரியாம நான் பயந்துக்கிட்டே போயிருக்கேனே!"

மாமனார் சிரித்தார். அந்தச் சிரிப்பை மெக்கானிக் அதுவரை கேட்டதில்லை. அவருக்கு அப்பா கிடையாது. நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டார். சாயங்காலம் வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு ஓட ஒரு காரணம் கிடைத்திருப்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் படி ஏறும் வேகத்தில் அது தெரிந்தது. ஊரில் உள்ள லிஃப்டுகளையெல்லாம் ஓட வைப்பவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

தொடரில் அடுத்து வந்தது பெரிய இடி. கிழவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறிவிட்டான். ரயில் சத்தம் கேட்டதும் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க போறார்?"

"சும்மா... ஊரைச் சுத்திப் பாக்க மாமா."

"டிக்கெட்?"

"எடுத்திருக்கார் மாமா. மாப்பிள்ளையே எடுத்துக் குடுத்தான்."

"ஒரு வழிக்கா?"

திரையில் கிழவன் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

"இல்ல மாமா. திரும்பி வர்றதுக்கும் சேத்துத்தான்."

மாமனார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ரிட்டர்ன் டிக்கெட். ம்... அது நல்ல பழக்கம்."

இரண்டே பகுதியில் கிழவன் செத்துப்போனான். மணி அடித்தது. ஊரே அழுதது.

"ஏன் மாப்பிள்ளை எல்லாரும் அழறாங்க?"

"அவர் திரும்பி வந்துட்டார் மாமா. ஆனந்தக் கண்ணீர்."

"மணி எதுக்கு?"

"ரொட்டிக் கடையைத் திரும்பத் திறக்கிறாங்க. அங்கெல்லாம் கடை திறந்தா மணி அடிப்பாங்க."

"இவ்வளவு சோகமாவா அடிப்பாங்க?"

"பழைய மணி மாமா."

இந்த நிலையில்தான் டாக்டர் கண்ணைப் பரிசோதித்துவிட்டு, இனி தாராளமாக டிவி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். மகளுக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்பா! ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. அந்த ரொட்டிக் கடைத் தொடரை முதல்லேருந்து மூணு பேரும் சேந்து பாக்கலாம். இவர் படிச்சதைக் கேட்டே இவ்வளவு ரசிச்சீங்களே, கண்ணால பாத்தா எப்படி இருக்கும்!"

"பாக்கலாமே," என்றார் மாமனார், மாப்பிள்ளையின் பக்கம் திரும்பி.

மெக்கானிக்குக் காலுக்கடியில் தளமே நழுவியது. மாமனார் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த மனிதர் ஆயுள் முழுவதும் ஏமாற்றுப் பேர்வழிகளைப் பிடித்து இறக்கிவிட்டவர். விஷயம் தெரிந்தால் ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியைக் கட்டுவார். மறுபடியும் தனி வீடு. மறுபடியும் தபால் தலையின் பின்பக்கம் எழுதிவிடக்கூடிய பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வேலையாக ரிமோட்டைத் துவைக்கிற துணிக்குள் ஒளித்தார். மனைவி அதைத் தேடக்கூட இல்லை. கைபேசியாலேயே டிவியைப் போட்டாள். மெக்கானிக் அதே வேகத்தில் டிவியின் பின்பக்கம் நுழைந்து, இணைய ஒயரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, முகத்தை நீளமாக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"லைன்ல ஏதோ கோளாறு. இன்னைக்குச் சரியாகாது."

"என்னங்க நீங்க, லிஃப்ட்டையே ஓட வைக்கிறீங்க, இதைச் சரி பண்ண முடியாதா?"

"அது வேற, இது வேற. அது மேலயும் கீழயும் போறது. இது குறுக்கால வர்றது."

இப்படி ஒரு விளக்கத்தை அவர் வாழ்க்கையில் சொன்னதில்லை. மனைவி அவரையே சந்தேகமாகப் பார்த்தாள். மாமனார் மட்டும் அமைதியாக எழுந்து செருப்பை மாட்டினார்.

"அதனால என்னம்மா? கீழே தையல்காரர் கடையில டிவி இருக்கு. அவர்கூட இந்தத் தொடரை முழுசாப் பாத்திருக்காராம். நான் ஒரு எட்டு போய்ப் பேசிட்டு வந்துடறேன்."

முழுசாகப் பார்த்திருக்கிறாரா! மெக்கானிக் பின்னாலேயே பாய்ந்தார். பாய்ந்தவரின் பையிலிருந்து ஒயரின் முனை எட்டிப் பார்த்தது. மனைவி அதைப் பிடித்து இழுத்தாள். இரண்டு கஜம் வந்தது.

"இது என்ன?"

"கோளாறு... இதுதான்."

"இதை மாட்டிட்டு எங்க வேணும்னாலும் போங்க!"

ஒயரை மாட்டி, விளக்கு எரிகிறது என்று மனைவிக்குக் காட்டி, மூச்சிரைக்கப் படியிறங்கி ஓடியபோது மாமனார் கடையில் இல்லை. பால் வாங்கப் போய்விட்டார் என்றார் தையல்காரர். தையல் இயந்திரத்துக்கு மேலே சின்ன டிவி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தைப்பது அவர் வழக்கம். அந்தத் தெருவில் பல சட்டைகளுக்கு ஒரு கை நீளமாக இருப்பது அதனால்தான்.

"அண்ணே, மாமா உங்ககிட்ட அந்த ரொட்டிக் கடைத் தொடரைப் பத்திப் பேசினாரா?"

"பேசினாரே."

"நீங்க கதையைச் சொல்லிட்டீங்களா?"

"என்ன தம்பி, முகமெல்லாம் இப்படி வேர்க்குது? உக்காருங்க முதல்ல."

மெக்கானிக் உட்காரவில்லை. ஒரு லிஃப்ட் எந்தத் தளத்தில் எப்படிச் சிக்கியது என்று விளக்குகிற மாதிரி முதலிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினார். அந்தக் கேள்வி, காற்று, தட்டு, இரட்டைப் பிள்ளைகள், ரிட்டர்ன் டிக்கெட், மணி.

"அந்த ஒரு வரியை என் வாயால அவர்கிட்ட சொல்ல முடியலண்ணே. அவ்வளவுதான் நான் செஞ்ச தப்பு. மறுபடி அவர் தனியாப் போய் உக்காந்துடக் கூடாது. உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன், அவர் கேட்டா, அந்த மருமகன் நல்லவன்தான்னு மட்டும் சொல்லிடுங்க. கிழவன் உயிரோட இருக்கான்னு சொல்லிடுங்க."

தையல்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தி வைத்தார். பிறகு மெக்கானிக்கின் தோளில் கை வைத்தார்.

"அட போங்க தம்பி, ஆபரேஷனுக்கு முன்னாடியே அந்தத் தொடரை ரெண்டு தடவை பாத்துட்டு என்னையும் பாக்கச் சொன்னதே உங்க மாமனார்தான், 'நிஜக் கதையைவிட எங்க மாப்பிள்ளை படிக்கிற கதைதான் நல்லாயிருக்கு, அவர் வந்து கேட்டா கிழவன் சாகவே இல்லன்னு சொல்லிடுங்க'ன்னு இப்பத்தான் கெஞ்சிட்டுப் போறார்!"