பெண் பார்க்கப் போன ஆன்டெனா

அடுத்தவர் மானத்தைக் கப்பலேற்றுவதில் குழாய் அண்ணனை மிஞ்ச மதுரையில் அன்றும் ஆளில்லை, இன்றும் இல்லை. ஒரே வாசலுக்குள் பல வீடுகள் இருந்த எங்கள் வளவில் அடுத்த வீட்டுக்காரர். எண்பதுகளின் கடைசியில் டி.வி.யில் கொடைக்கானல் நிலையத்துக்கு ஓர் ஆன்டெனா, இலங்கை நிலையத்துக்கு ஓர் ஆன்டெனா என்று ஊரே வைத்திருந்தது. அவருக்கு அது பொறுக்கவில்லை.

"ஸ்டேசனுக்கு ஒரு நீளம், அம்புட்டுத்தேன். நீளத்த மாத்துனா ஒண்ணே போதும்ல?"

அலுமினியக் குழாய்க்குள் குழாயைச் சொருகி, உள்ளே ஸ்பிரிங் வைத்து, சைக்கிள் பிரேக் கம்பியைக் கட்டினார். இழுத்தால் நீளும், விட்டால் ஸ்பிரிங் சுருக்கும். முதல் சோதனையில் ஒரு குழாய் பறந்துபோய் எதிர்வீட்டு வடகத்தில் குத்தி நின்றது.

எனக்கு இரண்டு இடம் தட்டிப்போய், மூன்றாவதாகத் திருமங்கலத்துக்குப் பெண் பார்க்கக் கிளம்பினோம். வேனில் பழத்தட்டுகளுக்கு நடுவே குழாய்க் கட்டோடு இவர்.

"எதுக்குண்ணே இது?"

"அவுக வீட்ல டி.வி. இருக்காம்ல மாப்ள."

பஜ்ஜி வருவதற்குள் மாடிக்கு ஏறிவிட்டார். பெண்ணின் அப்பா முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என் அப்பா தலையே நிமிரவில்லை. இந்த இடமும் போனால் அவர் தாங்கமாட்டார்.

மேலிருந்து குரல் வந்தது. "மாப்ள, நீ முத்தத்துல நில்லு. பொண்ண டி.வி. கிட்ட நிக்கச் சொல்லு. படம் வருதானு கேட்டுச் சொல்லு."

ஆன்டெனா திருப்ப மூன்று பேர் வேண்டும் என்பது அன்றைய வழக்கம்தான். ஆனால் பெண் பார்க்கும்போது மாப்பிள்ளையும் பெண்ணும் பேசுகிற வழக்கம் கிடையாது. அதற்குள் பெண் டி.வி. பக்கம் போய் நின்றுவிட்டாள். நான் வெட்கத்தில் செத்து முற்றத்தில் நின்றேன்.

"வருதாங்க?"

"புள்ளியா வருது."

"இப்ப?"

"போச்சு."

கால் மணி நேரம் இதே பாட்டு. நடுவில் எனக்கே தெரியாமல், "காலேஜ் முடிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆச்சு. நீங்க கப்பலூர்லயா வேல பாக்குறீக?"

மறுநாள் பெண்ணுக்குச் சம்மதம் என்று ஆள் வந்து சொன்னபோது அப்பா நம்பவே இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகுதான் மனைவி சொன்னாள்: "படம் மொதல்லயே பளிச்சுனு வந்துருச்சு. போச்சு போச்சுன்னு நாந்தேன் சும்மா சொன்னேன்."

ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் குழாயைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "தெரியும் மாப்ள. கம்பிய இறுக்கிக் கட்டிப்போட்டுட்டு வெயில்ல சும்மா உக்காந்திருந்தேன். அப்பறம் படம் எப்படிப் போகும்?"

அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டேன், விட மனசு வரவில்லை.