உங்கள் தங்கையை அங்கேயே வைத்துக்கொள்ளவும்

மரியாதைக்குரிய கரிக்கலாம்பாக்கம் மச்சான் முகமது ஆசிக் அவர்களுக்கு, வில்லியனூர் மளிகைக்கடை உதுமானின் ஸலாம். இறைவன் அருளால் இங்கு எல்லாம் நலம், என் மூச்சைத் தவிர. நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவர், பக்கத்தில் உங்கள் தங்கை சுரையா இருப்பாள் என்பதால் கடிதம்.

பகலில் கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறேன். தவளக்குப்பம் சிக்னலில் ஸ்கூட்டர் மேலேயே கண்ணசந்து, பச்சை விழுந்தும் நகராமல் இருந்தேன்; பின்னால் நின்ற பஸ் டிரைவர் இறங்கி வந்து எழுப்பினார். சுரையா சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனாள். அங்கே ஒரு சின்ன மிஷின் கொடுத்தார்கள். மணிக்கட்டில் பெட்டி, விரலில் கிளிப், மூக்கடியில் குழாய், அவ்வளவுதான். வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தூங்கினால் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று காட்டிவிடுமாம். மாட்டினேன், தூங்கினேன், திருப்பிக் கொடுத்தேன். பெரிதாக ஒன்றுமில்லை என்று வந்தது. நான் சுரையாவை வெற்றியோடு பார்க்கிறேன், நர்ஸ் தனக்கொடி கம்ப்யூட்டரையே முறைக்கிறார்.

"இன்னா பாய், மூச்சு கம்மியாவுற நேரமெல்லாம் உடம்பு ஆடுது? எழுந்து எழுந்து இன்னா பண்ணீங்க?"

சுரையா முந்திக்கொண்டாள். "அவரு இன்னாம்மா பண்ணாரு? நாந்தான் உலுக்கி வுட்டேன். மூச்சு நிக்குது, பாத்துக்கினு சும்மா இருக்கச் சொல்றியா?"

"தெனமுமா?"

"எங்க பொண்ணு ரிஹானா கல்யாணத்துலருந்து."

ரிஹானாவின் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது, மச்சான்! அவள் உலுக்கி உலுக்கி எழுப்பியதில் மிஷினுக்கே உண்மை தெரியவில்லை, தனியாகப் படுத்து மறுபடி பாருங்கள் என்றார் தனக்கொடி. இவள் அசைவாளா? நீங்கள் தங்கையைப் பார்க்க ஏங்குவதாகப் பொய் சொல்லித்தான் அங்கே அனுப்பினேன். இந்தத் தடவை ரிப்போர்ட்டைப் பார்த்துத் தனக்கொடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முகத்தில் மாட்டிக் காற்று ஊதும் மிஷின் வேண்டுமாம், ஏற்பாடாகிறது. டாக்டர் சொன்னபடி ஒருக்களித்துப் படுக்கிறேன், ஸ்கூட்டரைத் தொடுவதில்லை.

ஆகவே மிஷின் வரும்வரை அவளை அனுப்பாதீர்கள். ரிப்போர்ட்டைப் பற்றி மூச்சு விடாதீர்கள். அங்கேயாவது தூங்கட்டும். அவள் இல்லாமல் நான் சௌகரியமாகவே இருக்கிறேன்.

உங்கள் வீட்டார் அனைவருக்கும் அல்லாஹ் நல்ல உறக்கம் தருவானாக.

இப்படிக்கு,
உதுமான்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் சுரையா முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். "அங்க ஒரு பொட்டுத் தூக்கம் வரல. இங்க நீங்க மூச்சு வுடறீங்களா இல்லியான்னு யாருக்குத் தெரியும்?" என்றாள். இப்போது அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் பாய் விரித்து அடித்துப்போட்டது போலத் தூங்குகிறாள். ஷட்டரைப் பாதி இறக்கி, சைகையில் வியாபாரம் செய்கிறேன். மேலே எழுதியதை மறந்துவிடவும். அவசரத்தில் அவள் துணிப்பையை உங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டாளாம், யாரிடமாவது கொடுத்தனுப்பவும். இனி அவளை எங்கும் அனுப்புவதாக இல்லை.