லாபம், தோஸ், த்ரேஸ்

எங்கள் லாபம் அண்ணனைப் போல் பயப்படத் தெரிந்த மனிதர் திருப்பூர் ஜில்லாவிலேயே கிடையாது. மேகம் கறுத்தால் அட்டைப்பெட்டி நனையுமே என்று பயம். வெயில் அடித்தால் ஒட்டிய டேப் பிரியுமே என்று பயம். இரண்டும் இல்லாத நாளில், "என்னமோ சரியில்ல கண்ணு" என்று என் மேஜை முன்னால் வந்து நின்றுவிடுவார்.

நல்லூரில் நான் மெர்ச்சண்டைசராக இருந்த பனியன் கம்பெனியில் அவர்தான் பேக்கிங் மாஸ்டர். பெட்டி எண்ணும்போது முதல் பெட்டியை ஒன்று என்று சொல்லவே மாட்டார். நெல் அளக்கிறவர்கள் சொல்வதுபோல 'லாபம்' என்பார். அப்புறம்தான் இரண்டு, மூன்று. பெயர் அப்படி வந்ததுதான்.

ஸ்பெயினிலிருந்து குழந்தைகள் டி-சர்ட்டுக்கு ஆர்டர் வந்ததும் அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. "அவிக ஒரு தேதி சொல்லி, நாம ஒரு தேதி நெனச்சுட்டா கப்பல் போயிருமே கண்ணு!" உடனே போனில் ஆப் போட்டு ஸ்பானிஷ் எண்களையும் மாதங்களையும் உருப்போட்டார். வேறு ஒரு வார்த்தை கற்கவில்லை, வணக்கம்கூட. டீக்கடையில் மூன்று டீக்கு "த்ரேஸ்". எப்போதிலிருந்து காய்ச்சல் என்று கேட்ட டாக்டரிடம், "தோஸே தே மார்சோவுல இருந்துங்க" என்றார். மார்ச் பன்னிரண்டைத்தான் சொன்னார். டாக்டர் மாத்திரையோடு தலைக்கு ஸ்கேனும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஸ்பெயின் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா நேரிலேயே வந்தார். சரக்கு தேறினால் அடுத்த ஆர்டரும் எங்களுக்கு. தவறினால் பாதித் தையல் மெஷின் நின்றுவிடும். முதலாளி காலையிலிருந்து வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தார். அண்ணனை ஸ்பானிஷில் எண்ணவிட்டு அந்த அம்மாவை அசத்தலாம் என்பது அவருடைய யோசனை.

அண்ணன் முதல் பெட்டியைத் தொட்டார்.

"லாபம்... தோஸ்... த்ரேஸ்..."

அந்த அம்மா நிறுத்தச் சொல்லி முதல் பெட்டியைக் காட்டினார். "ஊனோ?" ஒன்றுதானே என்று கேட்கிறார்.

"லாபம்," என்றார் அண்ணன்.

அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. பேனாவை மூடிவிட்டார்.

முதலாளி அண்ணனின் காதைக் கடித்தார். "உங்களுக்குப் புண்ணியமாப் போவுதுங்கண்ணா, ஊனோன்னு சொல்லிப்போடுங்க!"

"மாட்டனுங்க மொதலாளி. ஒண்ணுன்னு ஆரம்பிச்சா ஒண்ணோட நின்னுருமுங்க. இத்தன சனம் பொழைக்கோணுமுங்களே."

லாபம் என்றால் என்ன என்று அந்த அம்மா என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி என் முழங்கையைப் பிடித்தார். "ஐயோ, லாபம்னு சொல்லிறாதீங்க! ரேட்டைக் கொறைச்சுப்போடுவாங்க!"

அண்ணன்தான் மெதுவாகச் சொன்னார். "உள்ளதச் சொல்லு கண்ணு. இந்தப் பொட்டி யாரு கைக்குப் போவுதோ அவிகளுக்கும் சேத்துத்தான் லாபம்னு சொல்லு."

அப்படியே சொன்னேன்.

அந்த அம்மா முதல் பெட்டியிடம் போய் அதன்மேல் கை வைத்தார். "லாபம்," என்றார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிறுத்தி. கடைசிப் பெட்டிவரை அண்ணனோடு சேர்ந்தே எண்ணினார். அடுத்த ஆர்டரும் எங்களுக்கே வந்தது. "இத்தன பெரிய ஆர்டராப் போச்சே" என்று அண்ணன் அன்று மாலையே அடுத்த பயத்தை ஆரம்பித்துவிட்டார்.

நான் இப்போது பெருமாநல்லூரில் வேறு கம்பெனியில் இருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி காலையிலேயே அவருடைய போன் வந்துவிடும். "கண்ணு, இன்னிக்கு லாபம் தே ஒக்தூப்ரே. பதனமா இருந்துக்கோ."

போன் கொஞ்சம் தாமதமானாலும் எனக்கு வேலை ஓடாது. நானே கூப்பிட்டு, அவர் குரலைக் கேட்டபிறகுதான் டீ குடிக்கிறேன்.