பேய்க்கு ஒரு முகூர்த்தம்

மனைவியைப் பயமுறுத்தப் பேய் ஏற்பாடு செய்த கணவர்கள் உலகத்தில் சிலர் இருக்கக்கூடும். அந்தப் பேய்க்குப் பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் பார்த்துக் கொடுத்தவர் திருநெல்வேலி டவுண் பண்டிதர் தாணுமாலயன் ஒருவராகத்தான் இருப்பார்.

பண்டிதர் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது பள்ளிதான் என்று பழைய மாணவர்கள் சொல்வார்கள். அவர் தினமும் மாலை ஐந்து மணிக்கு வாசகசாலை வாசலில் உட்கார்ந்து, சொற்களின் பிறப்பைப் பற்றிப் பேசுவார். கேட்பதற்கு நான்கு பேர் வருவார்கள். அவர்களில் மூன்று பேர் நடுவில் எழுந்து போய்விடுவார்கள். நான்காமவருக்குக் காது கேட்காது. ஆனாலும் அந்த ஒரு மணி நேரம்தான் பண்டிதரின் உயிர்.

அந்த உயிருக்குத்தான் இப்போது ஆபத்து.

அவர் மனைவி சண்முகசுந்தரிக்குக் குற்றாலத்தில் ஒரு வீடு வந்திருந்தது. அவளுடைய சின்னம்மை சொக்கம்மாள் ஐந்தருவி போகும் வழியில் நாற்பது வருஷம் தனியாக வாழ்ந்து, போன பங்குனியில் கண்ணை மூடிவிட்டாள். வீடு சண்முகசுந்தரிக்கும் அவள் தம்பி காந்திமதிநாதனுக்கும் பொது. "அக்கா, நீ வந்து குடியிருந்தா வீடு உனக்கு. ஆவணி முடியதுக்குள்ள வரலைன்னா செங்கோட்டை மர வியாபாரிக்கு வித்திருவேன்" என்று தம்பி தென்காசியிலிருந்து எழுதியிருந்தான். ஆவணியில் பத்து நாள்தான் பாக்கி.

"குற்றாலத்தில் சீசன் முடிந்தால் குரங்குகூட இருக்காதே, ஏளா! சாயங்காலம் நான் யாரிடம் பேசுவது?"

"முப்பத்து நாலு வருசம் பதினோரு வாடகை வீடு மாறியாச்சு. ஒரு வீட்டிலயும் செவத்துல ஒரு ஆணி அடிக்க விட்டதில்லை. எங்க அப்பா படம் டிரங்குப் பெட்டிக்குள்ளயே கிடந்து மூச்சு முட்டுது. நீங்க யாருகூடப் பேசுவியன்னு நான் பார்க்கவா?"

கல்யாணமான நாள் முதல் பண்டிதர் மனைவியிடம் 'மாட்டேன்' என்று சொன்னது ஒரே ஒரு முறை. அதுவும் தூக்கத்தில்.

எனவேதான் பேய்.

குற்றாலத்து வீட்டைப் பார்த்துக்கொள்பவர் பீர் மைதீன். பண்டிதர் அவருக்கு ஒரு தபால் கார்டு எழுதினார். கூடத்து ஊஞ்சல் தானே ஆட வேண்டும். மாடியில் ஓசை எழ வேண்டும். பாத்திரம் ஒன்று உருள வேண்டும். ஆவணிக் கடைசி வியாழக்கிழமை வீடு பார்க்க வருகிறோம். குளிகை கழிந்து பத்தரைக்கு மேல், பன்னிரண்டுக்குள் காரியம் நடக்க வேண்டும். நல்ல நேரத்தில் தொடங்காத எதுவும் உருப்பட்டதில்லை என்பது பண்டிதரின் கொள்கை. கார்டை நாலு பேர் படிப்பார்களே என்று, செய்தியை எவருக்கும் எளிதில் புரியாத செந்தமிழில் எழுதினார். சம்மதம் தெரிவிக்க வசதியாக, பதிலுக்கு இன்னொரு கார்டு இணைந்த ரிப்ளை கார்டாகவே போட்டார். பதில் வரவில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை ரயில் தென்காசியில் நின்றபோது மலையைக் காணவில்லை. இருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ நின்றது. குதிரை வண்டியில் ஏறினார்கள். தென்காசிக் கோயிலின் பிளந்து நின்ற மொட்டைக் கோபுரத்தைத் தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. சண்முகசுந்தரியின் மடியில் ஒரு கனத்த கூடை இருந்தது.

"கூடையில் என்ன?"

"மத்தியானச் சாப்பாட்டுக்கு ரெண்டு சாமான்."

சீசன் கலைந்திருந்தது. எண்ணெய் தேய்க்கிறவர்கள் போய்விட்டார்கள். கடைகளில் படுதா தொங்கியது. ஐந்தருவி வழியில் எதிரே ஆள் இல்லை; அருவியின் இரைச்சல் மட்டும் மரங்களுக்குப் பின்னால் கூடவே வந்தது. வண்டிக்காரன் வீட்டுக்கு நூறு அடி முன்னாலேயே நிறுத்திவிட்டான்.

"ஏன் அப்பா, இன்னும் போகலாமே?"

"குதிரை போகாது சாமி. இங்கன வந்தா நின்னுரும்."

பீர் மைதீன் குதிரையைக்கூட விடவில்லை போலிருக்கிறதே என்று பண்டிதர் மனத்துக்குள் மெச்சிக்கொண்டார்.

பத்தரை அடித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. சண்முகசுந்தரி பூட்டைத் திறந்தாள். வலது காலை எடுத்து வைத்து நுழைந்தாள். அவர்களுக்கு முந்திக்கொண்டு மூடுபனி உள்ளே போயிற்று. கூடத்தின் நடுவில் தேக்கு ஊஞ்சல். அது ஆடிக்கொண்டிருந்தது. வேகமாக இல்லை. யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் மெல்ல, தணிந்து தணிந்து.

"பார்த்தாயா?" என்றார் பண்டிதர், கவலையான குரலில். "காற்று இல்லை. கதவு பூட்டியிருந்தது. எனக்கு இது நல்லதாகத் தோன்றவில்லை."

சண்முகசுந்தரி ஊஞ்சலைக் கையால் நிறுத்தினாள். மேலே சங்கிலியைப் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"கிரீச்சுனு சத்தமே இல்லை. நல்ல ஊஞ்சல்."

பண்டிதர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு மாடிப்படிக்கு வந்தார். படிகளில் ஈரப் பாதச் சுவடுகள் மேலே ஏறிப் போயிருந்தன. இறங்கி வந்த சுவடு ஒன்றுகூட இல்லை. கார்டில் இதை எழுதவில்லையே! சொந்தக் கற்பனை! பீர் மைதீனுக்குள் இப்படி ஒரு கலைஞன் இருந்தானா என்று வியந்தார். பிறகு ஒரு சின்ன நெருடல். பீர் மைதீன் ஆறடி ஆள், பாதம் முறம் அகலம். இவை பதிமூன்று வயதுப் பெண்ணின் பாதம் அளவுதான். சொக்கம்மாள் அப்படித்தான், குருவிபோல் இருப்பாள். ஹாஜரா பீவியை ஏறச் சொல்லியிருப்பார் என்று தேற்றிக்கொண்டார். ஹாஜரா பீவி என்பது பீர் மைதீனின் மனைவி.

டொக்! டொக்! டொக்!

பண்டிதர் இரண்டு படி கீழே வந்து விழுந்தார்.

"என்ன அது? ஏளா! என்ன அது?"

"ஆணி அடிக்கேன்" என்றாள் சண்முகசுந்தரி. ஒரு கையில் சுத்தியல், ஒரு கையில் அப்பா படம். "ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு, சாரல்ல?"

"முடிவே செய்யாமல் ஆணி அடித்தால் எப்படி? இந்த வீட்டில் ஏதோ இருக்கிறது. படியில் சுவடு பார். உன் சின்னம்மை இன்னும்..."

அப்போது மேலே அந்த ஓசை கேட்டது.

ணங். ணங்.

இரும்பு உரலில் வெற்றிலை இடிக்கிற ஓசை. சொக்கம்மாளுக்குப் பல் போன பிறகு, விடிந்தால் எழுந்தால் இதே ஓசைதான். இரண்டு இடி, ஒரு நிறுத்தம், ஓர் இருமல். மறுபடி இரண்டு இடி. மாடியிலிருந்து பச்சை வெற்றிலை வாசனைகூட இறங்கி வந்தது.

சண்முகசுந்தரி சுத்தியலைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போயிற்று.

"போய் யாருன்னு பாருங்க."

"நானா?"

"வீட்டுல ஆம்பளை வேற யாரு இருக்கா?"

போவதில் பண்டிதருக்கு மறுப்பில்லை. பீர் மைதீனைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. மாடி அறைக் கதவில் பூட்டுத் தொங்கியது. பூட்டில் துரு. பூட்டுக்கும் நிலைக்கும் நடுவே சிலந்தி ஒன்று சாவகாசமாக வலை கட்டி வைத்திருந்தது. ஜன்னல் வழியாக ஏறியிருப்பார். பண்டிதர் கதவில் வாயை வைத்து மெல்லச் சொன்னார்:

"பலே, பீர் மைதீன்! இருமல் பிரமாதம். போதும், நிறுத்தும்."

ஓசை உடனே நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம், அவர் காது இருந்த அதே உயரத்தில், யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

திருப்தியோடு கீழே வந்தார். காரியம் முக்கால் பங்கு முடிந்தது. இனிப் பாத்திரம் உருண்டால் மதிய ரயிலைப் பிடித்துவிடலாம். ஐந்து மணிக்கு வாசகசாலை. இன்று 'குன்று' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம்.

வாசலில் குடை மடக்கும் சத்தம். ஆறடி உயரம், நனைந்த கைலி, கையில் ஒரு தூக்குச் சட்டி.

"அண்ணாச்சி, மன்னிக்கணும். ஓடையில தண்ணி கூடிப்போச்சு, சுத்தி வந்தேன். பதினோரு மணி ஆயிருச்சா?" என்றார் பீர் மைதீன். "ஹாஜரா தென்காசியில மக வீட்டுல இருக்கா, அதான் பால்கூட நானே கறந்து கொண்டாந்தேன்."

பண்டிதர் அவரைப் பார்த்தார். படியைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார்.

"வே... நீரு... மேல இல்லையா?"

"மேலயா? அந்த ரூமு சாவி தென்காசியில உங்க மச்சினர்ட்டல்லா இருக்கு. சின்னம்மா மவுத்தான அன்னிக்குப் பூட்டினது."

"ஜன்னல்?"

"அதுல ஏது அண்ணாச்சி ஜன்னலு?"

பண்டிதரின் செந்தமிழ் அந்த இடத்தில் அவரைக் கைவிட்டது. அவர் ஊஞ்சலில் உட்காரப் போய், ஊஞ்சலைப் பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்தார்.

"ஏட்டி சம்முவம்! போயிருவோம்ட்டி! இங்கன ஒரு நிமிசம் இருக்கக்கூடாது!"

"இருங்க. பல்லு கிட்டி இருக்கு உங்களுக்கு. இப்படி நடுங்கிக்கிட்டு வண்டியில எப்படி ஏறுவிய? சூடா ஏதாவது வேணுமா?"

"குடு... ஏதாச்சும் குடு."

"ஏதாச்சும்னா?"

"காப்பி! ஒரு வாய் காப்பி!"

"பாலைக் காய்ச்சட்டுமா? நீங்களே வாய் திறந்து சொல்லுங்க."

"காய்ச்சு தாயே! பாலைக் காய்ச்சு!"

சண்முகசுந்தரி கூடையைத் திறந்தாள். புதுப் பித்தளைப் பானை வந்தது. கழுத்தில் ஏற்கனவே மஞ்சள் கொத்துக் கட்டியிருந்தது. உப்பு வந்தது. ஒரு படி அரிசி வந்தது. குத்துவிளக்கு திரியோடு வந்தது. பீர் மைதீன் கொண்டுவந்த பால் பானைக்குள் போயிற்று. தாம் மாடிக்குப் போயிருந்தபோதே அவள் அடுப்புக்குக் கோலம் போட்டுத் தயாராக வைத்திருந்ததைப் பண்டிதர் அப்போதுதான் கவனித்தார். பயத்தில் கவனிக்கவில்லை. பால் எழுந்தது. நுரைத்தது. கிழக்குப் பக்கமாக, வஞ்சனையில்லாமல், பொங்கி வழிந்தது.

"பொங்கிட்டு!" என்று சண்முகசுந்தரி கையெடுத்துக் கும்பிட்டாள். "பதினொண்ணே கால். நீங்க பஞ்சாங்கம் பார்த்துக் குறிச்சுக் கொடுத்த நேரம். பால் காய்ச்சின வீட்டுல அன்னிக்கு ராத்திரி விளக்கை அணைச்சிட்டுப் போனா குடும்பத்துக்கு ஆகாதுன்னு கோயில் கும்பாபிஷேக மலர்ல எட்டுப் பக்கம் எழுதினது யாரு?"

எழுதியது பண்டிதர்தான். மேற்கோள்களுடன்.

"நேரம்... நான் குறிச்ச நேரம் உனக்கு எப்படி..."

அவள் இடுப்பிலிருந்து நாலாக மடித்த ஒரு கார்டை எடுத்து நீட்டினாள். ரிப்ளை கார்டு. தபால்காரர் வருவது மத்தியானம். மத்தியானம் பண்டிதர் தூங்குவார். அவர் படித்தார்:

'அண்ணாச்சிக்கு சலாம். தாங்கள் எழுதினது எனக்கு விளங்கவில்லை. பள்ளிக்கூட வாத்தியாருக்கும் விளங்கவில்லை. வக்கீல் குமாஸ்தா ரெண்டு நாள் வைத்திருந்து, வியாழக்கிழமை பத்தரைக்கு மேல், பன்னிரண்டுக்குள் பேய் மாதிரி நடக்கச் சொல்லுகிறார் என்றார். சரிதானா? மறுபதில் போடவும்.'

"மறுபதில் நான் போட்டேன்" என்றாள் சண்முகசுந்தரி. "பேய் வேண்டாம், பதினோரு மணிக்குப் பால் கொண்டாங்கன்னு. எளிய தமிழ்ல."

பீர் மைதீன் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பண்டிதருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதற்கு இடமில்லாமல் வேறொன்று நிறைந்திருந்தது.

"அப்ப ஊஞ்சல் நீ ஏற்பாடு பண்ணினது இல்லையா?"

"இல்லை."

"படியில ஈரம்?"

"நானும் உங்ககூடத்தானே வந்தேன்?"

"மேல இடிச்சது?"

ணங், என்றது மாடி. ஒரே ஒரு தடவை. பிறகு அந்தச் சிறிய இருமல்.

பீர் மைதீன் குடையை எடுத்துக்கொண்டு, சொல்லாமல், விரிக்காமல், சாரலில் இறங்கிப் போய்விட்டார். சண்முகசுந்தரி மாடியை ஏறிட்டுப் பார்த்தாள். அப்புறம் மூன்று தம்ளரில் காப்பி ஊற்றினாள். ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டாள். ஒன்றைக் கணவர் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். மூன்றாவதைக் கொண்டுபோய் முதல் படியில் வைத்தாள்.

"கொண்டு போய்க் குடுத்துட்டு, அப்படியே உக்காந்து பேசிக்கிட்டு இருங்க" என்றாள். "சாயங்காலம் பேச்சுக் கேக்க ஆளில்லைன்னு கவலைப்பட்டியளே. சின்னம்மைக்குக் காது நல்லாக் கேக்கும். நடுவுல எந்திரிச்சும் போகமாட்டா."