முப்பது பேர் வேலை

கடவுளுக்கே வேலையைப் பிரித்துக் காட்டக்கூடிய ஒரே மனிதர் அரைப்பேர்தான். ஆறு நாளில் உலகம் உண்டானதை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "ஆறு பேர்ல முடியிற வேலையாய்யா அது? அள்ளித் தெளிச்சிட்டுப் போயிருக்காரு. அதான் ஹட்டன்ல ஒரு எடமாச்சும் மட்டமா இருக்கா பாரு" என்பார்.

தேயிலைத் தோட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இலங்கை மலையகத்தில் எங்கள் பக்கம் 'பேர்' என்றால் ஆள் மட்டுமில்லை. ஒரு ஆளின் ஒரு நாள் வேலையும் 'பேர்'தான். முழுநாள் உழைத்தால் ஒரு பேர் போடுவார்கள். கொழுந்து எடை குறைந்தால் அரைப்பேர். இவர் தோட்டத்தை விட்டு வெளியேறி, ஹட்டனில் கொட்டகை, கூரை, சாக்கடை என்று ஒப்பந்த வேலை, அதாவது கொந்தரப்பு, எடுக்க ஆரம்பித்த பிறகும் உலகத்தைப் பேரால்தான் அளந்தார். சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதைச் சொல்ல எவ்வளவு வேலை என்று முதலில் கணக்குப் போட்டிருப்பார்.

உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நடந்துகொண்டே திட்டம் போடுவார். பழைய பட்டாளத்துக் கோட்டு, இரண்டு காதிலும் இரண்டு பென்சில், தோளில் முடிச்சுப் போட்ட அளவுக்கயிறு. மூன்றாவது தோட்டத்தையும் விட்டுவிட்டு, அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லாமல் ஹட்டன் ஸ்டேஷனில் நின்ற என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். முதல் நாளே ஆணி வாங்க வேண்டியிருந்தது.

"கடைக்குப் போறது கால் பேரு. வெல பேசுறது அரைப்பேரு. திரும்பி வாறது கால் பேரு. முழுசா ஒரு பேரு போச்சேடா! ஆணி வேணாம், கயித்தால கட்டு."

கயிற்றால் கட்டினோம். மறுநாள் கட்டியது விழுந்தது. அவர் கவலைப்படவில்லை. விழுவதற்கும் திட்டத்தில் இடம் விட்டிருந்தாராம்.

தேயிலை ஸ்டோர் கிளார்க் ஒருவருக்குக் கோழிக்கூடு கட்டிக் கொடுத்தார். காற்று எங்கிருந்து வரும், கீரிப்பிள்ளை எங்கிருந்து வரும் என்று யோசித்து யோசித்து, அரண்மனை மாதிரி ஒரு கூடு.

"கோழியக் கொண்டாங்க ஐயா."

"எந்தக் கோழி? எல்லாத்தையும் அறுத்துத் தின்னு மாசமாச்சு!"

"அது நம்ம திட்டத்துல இல்லீங்களே!" என்று அரைப்பேர் அவரிடமே கோபித்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் ரோசம்மா வந்தாள். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். தோட்டத்துத் துரை இன்னும் வெள்ளைக்காரர்தான். ரோசம்மாவின் புருஷன் செத்துப்போனான். அவளுடைய வலது கை ஸ்டோரில் தேயிலை அரைக்கும் மெஷினில் மாட்டியதிலிருந்து கொழுந்து எடுக்க முடியாது. வேலை செய்ய ஆளில்லாத வீட்டுக்குத் தோட்டத்து லயத்து வரிசையில் குடியிருக்கக் காம்பரா கிடையாது. மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். றொசல்லப் பக்கம் ரோட்டோரத்தில் ஒரு சிங்கள முதலாளி துண்டு நிலம் கொடுத்திருந்தார். அதில் ஒரு தேத்தண்ணிக் கடை, பின்னால் அவளும் இரண்டு பிள்ளைகளும் படுக்க ஓர் அறை. மழைக்காலம் பிடிப்பதற்குள் முடிய வேண்டும்.

அரைப்பேர் நிலத்தை நாலு தடவை சுற்றி வந்தார். "முப்பது பேர் வேலை. மூணு ஆளு, பத்து நாளு. மாசக் கடைசிக்கு மொத நாளே குடி வந்துருவ" என்றார்.

இருந்தது நாங்கள் இருவர்தான். ஒத்தாசை கேட்க மாதா கோயில் சாமியாரிடம் போனோம். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்தவர்.

"ரோசம்மா கடைக்கு முப்பது பேர் வேலைங்க சாமி. நீங்க மனசு வைக்கணும்."

"முப்பது பேரோ? அது பெரிய காரியமே? ஞாயிற்றுக்கிழமை பூசையிலை சொல்லிவிடுறன்."

வெளியே வந்ததும் அரைப்பேர் கேட்டார். "பூசையில எதுக்குடா சொல்றாரு?"

"வேண்டிக்குவாரா இருக்கும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் முதல் தூணுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தோம். ரோட்டு வளைவில் வெள்ளை வேட்டியும் சேலையுமாக ஒரு கூட்டம் திரும்பியது.

"யாருடா செத்தது?" என்றார் அரைப்பேர்.

கிட்ட வந்தபோதுதான் தோள்களில் மண்வெட்டி தெரிந்தது. மாரியம்மன் கோயில் பூசாரிகூட வந்திருந்தார். முன்னால் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாமியார். "முப்பது பேர் கேட்டனீங்கள். முப்பதுக்குக் கூடவே வந்திருக்கினம்!"

"ஐயோ சாமி, நான் கேட்டது முப்பது பேருங்க! முப்பது ஆளு இல்லீங்க!"

"பேருக்கும் ஆளுக்கும் என்ன வித்தியாசம்?"

கூட்டம் சிரித்தது. "சாமிக்கு இன்னும் யாரும் பேரு போடல போலருக்கு!" என்றாள் ஒருத்தி.

விளங்கச் சொன்னதும் சாமியாரும் கணக்குப் போட்டார். "மூண்டு பேர் பத்து நாள் எண்டால், முப்பது பேர் ஒரு நாள். சரிதானே?"

"கணக்கு சரிங்க. மண்ணு கணக்குப் படிக்கலீங்களே! செவுத்துல அப்புன மண்ணு காயணும்ல? முப்பது பேரு சுத்தி நின்னு ஊதினாலும் காயாதுங்க!"

அதற்குள் ரோசம்மா வந்து சேர்ந்தாள். தலையில் தகரப்பெட்டி, இடுப்பில் சின்னப்பிள்ளை, கையைப் பிடித்தபடி பெரியது. "இன்னைக்கே கட்டுறாங்கன்னு சாமி பூசையில சொன்னாரு. காம்பரா சாவிய கணக்கப்பிள்ளைகிட்ட குடுத்துட்டு வந்துட்டேண்ணே."

அரைப்பேர் முகம் வெளிறியது. இனி திரும்பிப் போக அவளுக்கு இடமில்லை.

யாரும் அவருடைய உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. ஒரே குழிக்குள் நாலு மண்வெட்டி இறங்கியது. ஒருவன் குழைத்த மண்ணை இன்னொருவன் குப்பை என்று அள்ளி ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டினான். அளவுக்கயிற்றால் யாரோ விறகைக் கட்டிவிட்டார்கள். அரைப்பேர் நடுவில் சுழன்றார்.

"அது பத்தாம் நாள் வேலை, வையிடா கீழே! ஏய், இது மூணாம் நாளு! நீ ஏம்மா அதுக்குள்ள ஏழாம் நாளுக்குப் போயிட்ட?"

அப்போது பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் ஏறியது. பின்னாலேயே மழை. சுவருக்குக் குழைத்த மண் கரைந்து ஓட ஆரம்பித்தது. பிள்ளைகள் தகரப்பெட்டிமேல் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தன.

"மொதல்ல மேல மூடுங்கண்ணே!" என்று கத்தினாள் ரோசம்மா. "செவுரப் பொறகு பாத்துக்கிறலாம்!"

"கூரை எட்டாம் நாளும்மா! தூணு ஊனி இறுகினாத்தான..."

"இத்தன கையி இருக்கே, தாங்காதா?"

அரைப்பேர் ஓர் இடத்தில் அசையாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். பிறகு கையை உயர்த்திக் கூவினார். "எட்டாம் நாளு வந்துருச்சு! எல்லாரும் வாங்க!"

தரையிலேயே மரச்சட்டம் கட்டி, தகரம் அடித்து, எல்லோரும் ஒரே மூச்சில் தலைக்கு மேல் தூக்கினோம். கூரை கைகளில் நின்றது. அதன் அடியில் புகுந்து அரைப்பேர் ஒவ்வொரு தூணாக ஊன்றிக் கல் போட்டு இடித்தார்.

"கையை எடுக்கலாமோ?" என்று நடுவிலிருந்து சாமியார் கேட்டார். "மூக்குக் கடிக்குது, சொறிய வேணும்."

"எடுத்தா கூரை பூசாரி தலையிலதாங்க சாமி."

"எடுக்காதீங்க சாமி!" என்றார் பூசாரி.

நாலு பக்கமும் சாக்கைத் தொங்கவிட்டோம். அது சுவராகிவிட்டது. மூன்று கல் வைத்து ரோசம்மா இடது கையால் அடுப்பைப் பற்றவைத்தாள். கடையின் முதல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஜனம் மழையோடு கலைந்தது.

மூலைத் தூண் ஒன்று புதிதாகக் கொட்டிய இளகிய மண்ணில் நின்றிருந்தது. காற்றடித்தால் இலேசாக ஆடியது. அரைப்பேர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"கல்லு போட்டாச்சேண்ணே, விடுங்க. விழாது" என்றாள் ரோசம்மா.

"விழாதும்மா. எனக்குத் தெரியும்" என்றார். விடவில்லை.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "மெதுவாடா" என்றார். "புள்ளைங்க கண்ணசந்துருச்சு."

ஒரு கையால் தூணையும் மறு கையால் தேத்தண்ணிக் கோப்பையையும் பிடித்துக்கொண்டு, முதுகில் மழை வழிய நின்ற அந்த மனிதரை விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஆடாத தூண்தான் என்றாலும், எதிர் மூலைத் தூணை நானும் பிடித்துக்கொண்டு நின்றேன்.