கடைசி இருபது பக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்காரர் அப்பல்சாமி பிரகடனம் செய்தார்: "இந்த வீட்ல இனிமே பேய்க்கதை கிடையாது!"

ராணுவம் ஆட்சியைப் பிடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பிரகடனம் செய்கிற வியாதி எங்கள் தீவு நாட்டில் எல்லாருக்கும் தொற்றியிருந்தது.

எங்கள் நடபுவா தெருவில் ராணுவத்துக்குப் பயந்து வாரம் ஒரு இந்திய வம்சாவளிக் குடும்பம் சிட்னிக்கோ வான்கூவருக்கோ கிளம்பிக்கொண்டிருந்தது. மகள் வந்தனாவின் தோழிகளில் ஒருத்திகூட பாக்கியில்லை. பதினைந்து வயது, பேச ஆளில்லை. கடைசியாகப் போன இந்திராவதி வீட்டில் சாமான்களை விற்றபோது, அட்டை கிழிந்த பழைய ஆங்கிலப் பேய் நாவல் ஒன்றை வாங்கி வந்தாள். அதில் துணையில்லாத ஒரு பெண் பாழுங்கிணற்றோடு பேசுவாள். கிணறும் பதில் சொல்லும். வந்தனா அதை மூன்று தடவை படித்தாள்.

"நம்ம தண்ணித் தொட்டிகிட்ட பேசிட்டிருந்தா. நானே பாத்தேன்!" என்றார் இவர்.

"தொட்டியாவது நின்னு கேக்குதே. சாயந்தரம் ஆனா நீங்க பாலசுப்பிரமணி வீட்டு நங்கோனாச் சட்டி முன்னாடி உக்காந்துடுறீங்க."

நங்கோனா என்பது வேரை இடித்துக் கரைத்த, சேற்று நிறப் போதைத் தண்ணி. குடித்தால் நாக்கு மரத்துப்போகும். இவருக்கு வீட்டுக்குள் நுழைந்தாலே மரத்துப்போகும்.

இவர் புத்தகத்தைப் பிடுங்கிக் கட்டிலுக்கடியிலிருந்த பெட்டியில் வைத்துப் பூட்டினார். திடீரென்று ஓடவேண்டி வந்தால் தூக்கிக்கொண்டு ஓட, தெருவில் எல்லார் வீட்டிலும் அப்படியொரு பெட்டி உண்டு. பாஸ்போர்ட், நகை, இரண்டு சேலை.

மறுநாள் முதல் இவர் வேலைவிட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணிநேரம் "பாஸ்போர்ட் சரிபார்த்தார்". முகம் வெளிறி வெளியே வருவார். தொட்டிப் பக்கம் போக என்னைத் துணைக்கு அழைத்தார்.

நான் படித்த கான்வென்டின் கன்னியாஸ்திரிகளும் எங்களிடம் பறித்த புத்தகத்தை ஒளித்துப் படித்தவர்கள்தான். அன்று நாங்கள் செய்ததையே செய்தேன். என்னிடமிருந்த மாற்றுச் சாவியால் பெட்டியைத் திறந்து கடைசி இருபது பக்கத்தை உருவிவிட்டேன்.

வியாழக்கிழமை அறையிலிருந்து ஒரு முனகல்.

"என்னங்க, பாஸ்போர்ட் காலாவதியா?"

"ஜான்கி... அந்தப் பொண்ணு கிணத்துக்குள்ள எறங்கினாளே, அப்புறம் என்ன ஆனா?"

"எனக்கெதுக்குங்க பேய்க்கதை? படிச்சவளைக் கேளுங்க."

வந்தனா அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். "சொல்றேம்பா. ஆனா ஒரே நாள்ல முடியாது. தினம் சாயந்தரம் கொஞ்சம்."

நங்கோனா நின்றது. ஐந்து வாரம் பாதித் தமிழும் பாதி இந்தியுமாகக் கதை ஓடியது. உருவிய பக்கங்களை நான் படித்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்திலேயே அந்தப் பெண் செத்துப்போகிறாள்! மிச்சமெல்லாம் போலீஸ் விசாரணை. வந்தனா சொன்ன எதுவும் அதில் இல்லை. நான் மூச்சுவிடவில்லை.

ஆறாவது வாரம் பாலசுப்பிரமணியே தேடி வந்துவிட்டார். "அண்ணே, சட்டி காத்திருக்கு!"

"சும்மா இருய்யா! கிணத்துக்குள்ள கதவு தெறக்குது!"

எந்தக் கதவு என்று கேட்க உள்ளே வந்தவர் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் சட்டியே எங்கள் வீட்டுக்கு வந்தது, பின்னால் நாலு ஆண்களோடு. ஜெயித்த எனக்குப் பரிசு, அத்தனை பேருக்கும் பஜியா சுடும் வேலை. கரண்டியும் கையுமாக அடுக்களையிலிருந்து கத்தினேன்:

"ஏண்டி வந்தனா, எண்ணெய் சத்தத்துல ஒண்ணும் கேக்கல! கதவுக்குப் பின்னாடி யாருடி?"