எண்பது கலைச்சொற்களும் ஒரு லிஃப்டும்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் மரியாதை, எழுதிவிட்டேன். அங்கு நீங்களும் அக்காவும் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் வீட்டில் யாரும் இலக்கியம் படிக்கவில்லையே.

உங்கள் தங்கை தபால் வழியில் பி.ஏ. இலக்கியம் படிப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த வருஷம் இலக்கியக் கலைச்சொற்கள் என்று ஒரு தாள். மொத்தம் எண்பது சொல். தினமும் வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நான் கேள்வி கேட்க வேண்டும், அவள் துணி மடித்துக்கொண்டே பதில் சொல்வாள். அதோடு விட்டால் பரவாயில்லை. சொந்தமாக உதாரணம் எழுதினால்தான் மார்க் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். உதாரணத்துக்கு அவள் வேறெங்கும் போகவில்லை, வீட்டிலேயே நான் இருக்கிறேன். நூறு தடவை சொல்லிவிட்டேன் குழாயை இறுக்கி மூடு என்றால், உயர்வு நவிற்சி என்று நோட்டில் ஏறிவிடுகிறது. சமையல் பிரமாதம், உப்பு என்ற தொல்லையே இல்லை என்றேன். வஞ்சப்புகழ்ச்சிக்கு உதாரணம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாள், உப்பு மட்டும் வரவில்லை. முன்பெல்லாம் சண்டை என்றால் சண்டை. இப்போது கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல மறந்ததற்கு, கல்யாணத்தன்று நான் தாமதமாக வந்ததிலிருந்து ஆரம்பிக்கிறாள், கேட்டால் பின்னோக்கு உத்தியாம். நாடக முரண் என்று ஒன்று இருக்கிறது. பார்க்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம் மேடையில் நிற்கிறவனுக்கு மட்டும் தெரியாமல் இருப்பதாம். நாலு தடவை விளக்கினாள், எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. மனுஷனுக்கு அலுப்பு வராதா மச்சான்?

வீட்டோடு போயிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். வேலையிலும் தொற்றிக்கொண்டுவிட்டது. லிஃப்ட் பழுது பார்த்தால் உடனே அங்கேயே அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கம்பெனி வழக்கம் இல்லையா, போன வாரம் ஒரு குடியிருப்பில் மூன்றாம் மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டது. கதவு சென்சாரில் தூசி, துடைத்தேன், ஓடியது. அதை எழுதிவிட்டு வந்திருக்கலாம். முதல்நாள் சாயங்காலம் தற்குறிப்பேற்ற அணியை ஒன்பது தடவை கேள்வி கேட்ட கை, 'மூன்றாம் மாடிக்காரரை ஏற்றிக்கொள்ள மனமில்லாமல் லிஃப்ட் நின்றது' என்று எழுதிவிட்டது. நான் எழுதினேனா, சத்தியமா எனக்கே தெரியல. அந்த மூன்றாம் மாடிக்காரர் ஓய்வு பெற்ற அதிகாரி, குடியிருப்பில் யாரோடும் பேச்சு வார்த்தை இல்லாதவர். லிஃப்டுமா, என்று கேட்டு அறிக்கையைக் கம்பெனிக்கே அனுப்பிவிட்டார். லிஃப்டில் மனம் எந்தப் பாகம், அது உத்தரவாதத்துக்குள் வருமா, மூன்று நாளில் விளக்கவும் என்று மேனேஜர் மெமோ கொடுத்தார். இயல்பாக நடப்பதன்மேல் கவி தன் குறிப்பை ஏற்றிச் சொல்வதே இந்த அணி என்று ஒழுங்காக விளக்கம் எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது மெமோ வந்தது. இருபது வருஷ சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்கினதில்ல நான்.

என்னால் தாங்க முடியவில்லை. படித்தது போதும், நிறுத்து என்று சொல்லலாம் என்றால், பொழுது போகட்டும் என்று விண்ணப்பம் வாங்கி வந்ததே நான்தான். எந்த வாயால் சொல்வது? நீங்கள் ஒருமுறை வந்து பக்குவமாகச் சொல்லி நிறுத்திவிடுங்கள். அண்ணன் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாதவள், கேட்டுக்கொள்வாள்.

அக்காவுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகள் நன்றாகப் படித்து, எதைப் படித்தாலும் பெற்றவர்களைக் கேள்வி கேட்கச் சொல்லாமல் வளர ஆசிகள்.

களைப்புடன்,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடினேன். உங்கள் தங்கை எடுத்துக் கொடுத்துவிட்டு, யாருக்கு, என்ன விஷயம் என்று கேட்டாள். ஒளிக்கத் தெம்பில்லை, சொல்லிவிட்டேன். கோபப்படுவாள் என்று பார்த்தேன். படவில்லை.

"அண்ணனுக்கு அது ஒண்ணும் கஷ்டமில்ல. ஏற்கெனவே ஒரு தடவை செஞ்சவர்தானே" என்றாள்.

அவளுக்குக் காலேஜில் இடம் கிடைத்து வந்த கடிதத்தை நீங்கள் அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்து, சேர வேண்டிய கடைசித் தேதி போன பிறகு கொடுத்தீர்களாமே. இருபத்து நாலு வருஷத்தில் என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பழக்க தோஷத்தில், இது எந்த உத்தி, இதற்கு என்ன பேர் என்று கேட்டுத் தொலைத்தேன்.

"இதுக்குப் பேரெல்லாம் இல்லைங்க. நடந்தது" என்றாள்.

ஆகவே மேலே நான் கேட்டது எதையும் செய்ய வேண்டாம். திரும்ப எழுதத் தெம்பில்லாததால் அதையே அனுப்புகிறேன். ஆனால் நீங்கள் கட்டாயம் வர வேண்டும். பரீட்சை திங்கட்கிழமை காலை. எனக்கு இப்போது யாரும் லீவு தர மாட்டார்கள். தேர்வு மையத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். நீங்களே அவளைக் கூட்டிக்கொண்டு போய் உள்ளே அனுப்பிவிட்டு, எழுதி முடித்து வெளியே வரும்வரை வாசலில் நில்லுங்கள்.